குஞ்சு பொரித்த அன்றே சேவல் எது, பெட்டை எது? இறகு நிறத்தை வைத்துக் கணக்கிடும் முறை

கோழி இனப்பெருக்கத்தில் நிறக்கணக்கு தவறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எந்த நிறம் தகப்பன் பக்கம் இருக்க வேண்டும், எது தாய் பக்கம் இருக்க வேண்டும் என்று பார்க்காமல் இணை சேர்த்துவிடுவது. ஒரே இரண்டு இனங்களைச் சேவல் பெட்டை மாற்றிச் சேர்த்தால் குஞ்சுகள் வேறு மாதிரி வரும்.

கோழியில் சேவலுக்கு இசட் குரோமோசோம் இரண்டு. பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பெட்டை தன் இசட்டை ஆண் குஞ்சுகளுக்கு மட்டுமே கொடுக்கும். பெண் குஞ்சுக்கு வரும் இசட் எப்போதும் தகப்பனுடையது. வரி நிறத்தின் (இறகில் கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக வருவது) மரபணுவும், வெள்ளி நிறமா பொன்னிறமா என்று முடிவு செய்யும் மரபணுவும் இந்த இசட்டில்தான் உள்ளன. ஆக, இந்த இரண்டு நிறங்களிலும் மகள் தகப்பனைக் கொண்டு பிறக்கிறாள். வரி நிறம் இப்படிப் பாலினத்தோடு சேர்ந்து இறங்குவதைப் பிளைமவுத் ராக் கோழிகளில் அமெரிக்க விஞ்ஞானி ஸ்பில்மன் 1908-லேயே விளக்கிவிட்டார்.

வரி நிறத்தில் தொடங்குவது எளிது. சேவல் ரோடு ஐலண்ட் ரெட் அல்லது கறுப்பு ஆஸ்ட்ரலார்ப். பெட்டைகள் வரி பிளைமவுத் ராக். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைகள் போதும். பெட்டைகள் முன்பு வேறு சேவலோடு இருந்திருந்தால், அதைப் பிரித்து மூன்று வாரம் கழித்து இடும் முட்டைகளையே அடை வையுங்கள். பெட்டையின் உடலில் விந்து இரண்டு மூன்று வாரம் உயிரோடு தங்கும். அவசரப்பட்டால் பழைய சேவலின் குஞ்சு கலந்து கணக்கே குழம்பிவிடும். முட்டையைக் கூர்முனை கீழாக, குளிர்ந்த இடத்தில், ஏழு நாளுக்கு மேல் போகாமல் சேமிக்கலாம்.

இருபத்தோராம் நாள் பொரித்து, உடல் நன்றாகக் காய்ந்ததும் பாருங்கள். எல்லாக் குஞ்சும் கறுப்பாகவே இருக்கும். உச்சந்தலையில் வெள்ளைப் புள்ளி இருந்தால் ஆண், இல்லையென்றால் பெண். தலையை மட்டும் பாருங்கள். கறுப்புக் குஞ்சுகளுக்கு வயிற்றிலும் இறக்கை நுனியிலும் வெள்ளை இருப்பது சாதாரணம், அது இரு பாலிலும் வரும். புதிதாகப் பிரிப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். வளர்ந்ததும் ஆண்கள் வரியோடும், பெண்கள் வரியில்லாத கறுப்பாகவும் இருக்கும். தகப்பன் ரோடு ஐலண்ட் ரெட் என்றால் பெட்டைகளின் கழுத்திலும் மார்பிலும் செம்பொன் நிறம் தெரியும்.

பெட்டைக்கு இசட் ஒன்றே என்பதால், வரி தெரியும் பெட்டை அந்தக் குணத்தில் கலப்பாக இருக்கவே முடியாது, சோதிக்க வேண்டியதில்லை. சேவல் அப்படியல்ல. வரிச் சேவலிடம் மரபணு ஒன்றும் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். இரண்டு இருந்தால் வெள்ளைப் பட்டை அகன்று, உடல் மொத்தமும் வெளிறித் தெரியும். வரிச் சேவலைக் கறுப்புப் பெட்டையோடு சேர்த்தால் இந்தப் பிரிப்பு நடக்காது: சேவலிடம் இரண்டு மரபணு இருந்தால் ஆணும் பெண்ணும் வரியோடு வரும், ஒன்றுதான் என்றால் இரு பாலிலும் பாதிப் பாதி. முதலில் சொன்ன வரிப் பெட்டைக் கலப்பில் பிறந்த அண்ணன் தங்கையை இணை சேர்த்தாலும் பிரிக்க முடியாது. ஆண்களில் பாதி வரி, பெண்களில் பாதி வரி. தலைப்புள்ளி எதையும் சொல்லாது. ஒவ்வொரு முறையும் தூய பெற்றோருக்கே திரும்பிப் போக வேண்டும்.

வெள்ளி, பொன் கலப்பில் சேவல் பொன்னிறமாக இருக்க வேண்டும். பொன் வகையான ரோடு ஐலண்ட் ரெட் அல்லது நியூ ஹாம்ப்ஷயர் சேவலை வெள்ளி வகையான லைட் சசெக்ஸ் அல்லது டெலவேர் பெட்டையோடு சேர்த்தால் ஆண் குஞ்சு வெளிர் மஞ்சள், பெண் குஞ்சு செம்பழுப்பு. மாற்றிச் சேர்த்தால் எல்லாமே வெள்ளி, ஏனெனில் பொன்னை வெள்ளி அமுக்கிவிடும். பெற்றோரில் ஒன்று முழுக் கறுப்பாக இருந்தாலும் பயனில்லை. கறுப்பு மேலே போர்த்திக்கொண்டால் குஞ்சின் பஞ்சு போன்ற முதல் மயிரில் பொன்னும் தெரியாது, வெள்ளியும் தெரியாது. பல வண்ணம் கலந்த நாட்டுக்கோழிப் பட்டியில் இந்த முறையை நம்ப முடியாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஆண்டலூசியன் கோழியின் நீலச் சாம்பல் நிறத்துக்குப் பாலினத்தோடு தொடர்பில்லை. யார் தகப்பன், யார் தாய் என்பது பொருட்டல்ல. நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தால் சராசரியாகக் கால் பங்கு கறுப்பு, அரைப் பங்கு நீலம், கால் பங்கு சாம்பல் சிதறிய வெள்ளை. எத்தனை தலைமுறை பொறுக்கி எடுத்தாலும் இந்த விகிதம் மாறாது. குஞ்சு அத்தனையும் நீலமாக வேண்டுமென்றால் கறுப்பையும் அந்தச் சிதறல் வெள்ளையையும் சேருங்கள். விற்க முடியாதென்று பலர் அந்த வெள்ளையைக் கழித்துவிடுகிறார்கள். நீலம் வளர்ப்பவருக்கு அதைவிட மதிப்பான பறவை இல்லை.

வெள்ளைக் கோழியை எந்தக் கலப்பிலும் சோதிக்காமல் சேர்க்காதீர்கள். வெள்ளை லெகார்ன் இனத்தின் வெள்ளை ஓங்கு குணம், அதாவது மற்ற நிறத்தை அமுக்கும். கறுப்போடு சேர்ந்தாலும் குஞ்சு வெள்ளையாகவே வரும், அங்கங்கே கரும்பொட்டு இருக்கும். அந்த வெள்ளைக்கு அடியில் வரி மரபணு ஒளிந்திருப்பதும் உண்டு. இன்னொரு வகை ஒடுங்கு வெள்ளை, அதாவது மரபணு இரண்டு சேர்ந்தால்தான் வெளியே தெரியும். தூய கறுப்போடு சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் நிறத்தோடு வரும். எந்த வகை என்று அறிய, தூய கறுப்புப் பறவையோடு சேர்த்துச் சில முட்டை பொரித்துப் பார்த்தாலே போதும்.

நிறமுள்ள சேவலிடம் ஒடுங்கு வெள்ளை மறைந்திருக்கிறதா என்று பார்க்க, ஒடுங்கு வெள்ளைப் பெட்டையோடு சேருங்கள். ஒரு வெள்ளைக் குஞ்சு வந்தாலே மறைவாக உள்ளது உறுதி. தொடர்ந்து ஏழு குஞ்சும் நிறத்தோடு வந்தால், மறைந்திருந்தும் இப்படி வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. சோதனைக் குஞ்சுகளுக்குப் பொரித்த அன்றே கால் வளையம் போட்டு, தாய் தகப்பன் எண்ணை எழுதி வையுங்கள். பஞ்சு உதிர்ந்து இறகு முளைத்த பிறகு எது எந்தக் கூட்டின் குஞ்சு என்று பிரிக்க முடியாது.