'லெட் ஆஃப் ஸ்டீம்': எப்போது, எப்படிச் சொல்வது?

பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஆங்கிலத் தொடர் பாதி தெரிந்ததுதான். குலைகளை அவிக்கும் கலனில் நீராவி ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் நிற்கும். அவித்து முடிந்ததும் வால்வு வழியாக அதை வெளியேற்றிய பிறகுதான் கதவைத் திறக்கலாம். நீராவி எஞ்சின் காலத்தில் பிறந்த 'லெட் ஆஃப் ஸ்டீம்' சொல்வதும் இதையே: உள்ளே அடைந்து கிடக்கும் கோபத்தை, அலுப்பை, துடிப்பை யாருக்கும் கேடில்லாமல் வெளியேற்றுவது. 'ஆவியை விட்டான்' என்று நேராக மொழிபெயர்த்துவிடாதீர்கள். ஆளே போய்விட்டதாக ஆகிவிடும்!

முதலில் வடிவம். இறந்த காலத்திலும் 'லெட்'தான், 'லெட்டட்' கிடையாது. 'ஹீ', 'ஷீ' வந்தால் நிகழ்காலத்தில் 'லெட்ஸ்'. 'ஸ்டீம்' முன்னால் 'எ' வராது, பன்மையும் ஆகாது. 'சம்' சேர்க்கலாம்.

அடுத்து, எப்படி வெளியேற்றினார்கள் என்பதை 'பை' போட்டு, வினையோடு 'இங்' சேர்த்துச் சொல்லுங்கள்: 'தி பாய்ஸ் லெட் ஆஃப் ஸ்டீம் பை பிளேயிங் ஃபுட்பால்.'

பலரும் சறுக்குவது இனிமேல்தான். ஆபீசில் ஏச்சு வாங்கிய மண்டோர் (தோட்டக் கங்காணி), குலை வெட்டுகிறவர்களிடம் வந்து எரிந்து விழுகிறார். இதற்கு 'லெட் ஆஃப் ஸ்டீம்' பொருந்தாது. கோபம் சம்பந்தமில்லாதவர் தலையில் இறங்குகிறது. அதற்கு 'டேக் இட் அவுட் ஆன்' வேண்டும்: 'ஹீ டுக் இட் அவுட் ஆன் தி வொர்க்கர்ஸ்.' அதே மண்டோர் சாயங்காலம் கூட்டாளியிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தால், அல்லது திடலில் நாலு சுற்று ஓடினால், 'ஹீ லெட் ஆஃப் ஸ்டீம்.' எழுதும் முன் ஒரு கேள்வி போதும்: இதில் யாராவது அடிபட்டார்களா? ஆம் என்றால் வேறு தொடரைத் தேடுங்கள்.

முகச்சாயல் ஒத்தவையும் உண்டு. 'லெட் ஹிம் ஆஃப்' என்றால் தண்டிக்காமல் விட்டார்கள். 'லெட் ஆஃப் ஃபயர்வொர்க்ஸ்' தீபாவளிக்கு வாணம் விடுவது. 'ரன் அவுட் ஆஃப் ஸ்டீம்' தெம்பு தீர்ந்து பாதியில் நிற்பது.

எஸ்பிஎம் (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதும் மாணவர்கள் நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலில் தாராளமாகப் போடலாம். மேலாளருக்கான கடிதத்தில் வேண்டாம். அங்கே 'ரிலீவ் ஸ்ட்ரெஸ்' எழுதுங்கள். அகராதி பார்க்க, கற்போருக்கான ஆங்கில–ஆங்கில அகராதியே மேல், வாக்கியத்தோடு காட்டும். தனிச்சொல்லைத் தேடாமல் முழுத் தொடரையும் தட்டச்சு செய்யுங்கள்.

பிறகு சேர்த்தது: அமெரிக்கப் படங்களில் 'ப்ளோ ஆஃப் ஸ்டீம்' என்று கேட்டால் குழம்ப வேண்டாம், பொருள் ஒன்றே. அதன் இறந்த காலம் மட்டும் 'ப்ளூ ஆஃப்'.