இருட்டில் இரண்டு போன் கேமராக்களை ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

இரவில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வெளிச்சமான படத்தைத்தான் கண் முதலில் தேர்ந்தெடுக்கும். பெரும்பாலான ஒப்பீடுகள் கெட்டுப்போவது இங்கேதான். நைட் மோட் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது. ஒரு போன் அதற்கு 1 விநாடி எடுக்க, இன்னொன்று 3 விநாடி எடுத்தால், நாம் அளப்பது நேரத்தை, கேமராவை அல்ல. இரண்டிலும் நைட் மோடை அணைத்து ஒரு சுற்று, போட்டு ஒரு சுற்று எடுங்கள். ஒன்றைக் கையிலும் மற்றதை ஸ்டாண்டிலும் வைக்கவே கூடாது: ஸ்டாண்டில் இருப்பது தெரிந்தால் ஐபோன் 30 விநாடி வரைகூட ஒளி வாங்க விடும்.

நுண்விவரத்தைக் கடைப் பலகை எழுத்தில் தேடாதீர்கள். இருட்டுப் படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளி இரைச்சலை அழிக்கும் மென்பொருள் இழைகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டு, விளிம்புகளை மட்டும் கூர்மையாக்கும். எழுத்து பளிச்சென்று இருக்கும். பக்கத்தில் இருப்பவரின் தலைமுடி மெழுகு பூசியதுபோல் இருக்கும். டர்க்கி டவல், பட்டுச் சரிகை, செய்தித்தாளின் பொடி எழுத்து ஆகிய மூன்றும் நல்ல சோதனைப் பொருள்கள். 50 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக நான்கு பிக்சல்களைச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படம்தான் தரும். இருட்டில் முழு 50-ஐப் போட்டால் இரைச்சல்தான் கூடும்.

ஜூமிலும் ஏமாறுவோம். வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸை விட்டு, முதன்மைக் கேமராப் படத்தையே வெட்டிப் பெரிதாக்கும். டெலி லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரையில் காட்சி மறையாவிட்டால் போன் அந்த லென்ஸைப் பயன்படுத்தவில்லை.

நிறத்துக்குச் சோடியம் தெருவிளக்கு உதவாது. அந்த மஞ்சள் ஒளியில் நீலம் மிகக் குறைவு, இல்லாத நிறத்தை எந்தக் கேமராவாலும் மீட்க முடியாது. நிறம் காட்டும் குறியீடான சிஆர்ஐ 90-க்கு மேல் உள்ள எல்இடி விளக்கை மங்கலாக வைத்து, குங்குமம், வாழையிலை, சாம்பல் நிற அட்டை, ஒருவரின் கை ஆகியவற்றை ஒரே சட்டகத்தில் எடுங்கள். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் ஒருமுறை, இரண்டு போனிலும் ஒரே கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண்) அளவில் பூட்டி ஒருமுறை எடுத்தால், பிழை ஒளியைக் கணித்ததிலா, நிறத்தைக் கையாண்டதிலா என்று பிரித்தறியலாம்.

படங்களை அந்தந்த போன் திரையில் பார்க்காதீர்கள். சாம்சங்கின் ‘விவிட்’ போன்ற திரை அமைப்புகள் நிறத்தைக் கூட்டிக் காட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பி, இரண்டையும் ஒரே கணினித் திரையில் திறங்கள்.

எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள், விரல் பிசுக்கு விளக்கைச் சுற்றி மூட்டம் போடும். ஒவ்வொரு போனிலும் ஐந்து படமாவது எடுத்து, எத்தனை கலங்கின என்று எண்ணுங்கள். ஐந்தில் மூன்று கலங்கினால், தெளிவாக வந்த ஒன்றை வைத்து அந்தப் போனுக்கு மதிப்பெண் போடக் கூடாது.