இலைச் சீட்டும் ஜேசானும்: ஜாவா ஃபீல்டுகளில் எது போகும், எது வரும்?

கோத்தகிரிப் பக்கம் ஒரு இலைக் கொட்டகைக்கு ஆப் எழுதிக் கொடுத்தபோது தட்டுத் தடுமாறிக் கற்றது இது. சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலையைச் சாக்கில் கட்டிக் கொண்டு வருவார்கள். எடை போட்டு, மழை நாளென்றால் ஈரத்துக்குக் கொஞ்சம் கழித்து, ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். கொட்டகை நோட்டில் எல்லா விவரமும் இருக்கும், கைக்கு வரும் சீட்டில் பாதிதான் இருக்கும். ஜாவா ஆப்ஜெக்ட் அந்த நோட்டு, ஜேசான் (ஆப்பும் சர்வரும் விவரத்தை எழுத்தாக அனுப்பிக்கொள்ளும் வடிவம்) அந்தச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாவாவுக்குள் ஜேசான் வசதி கூடவே வருவதில்லை. அதனால் ஆப்ஜெக்டை ஜேசானாகவும் ஜேசானை ஆப்ஜெக்டாகவும் மாற்றித் தரும் ஜாக்சன் லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். மேவன் கோப்பில் ஜாக்சன் டேட்டாபைண்டையும், ஜாக்சன் 2 என்றால் தேதிக்காக ஜாக்சன் டேட்டாடைப் ஜேஎஸ்ஆர்310-ஐயும் சேர்த்தால் போதும். கிளாஸ், அனோட்டேஷன் (ஃபீல்டுக்கோ கிளாஸுக்கோ மேலே @ போட்டு ஒட்டும் குறிப்பு) பெயர்களை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன். எடிட்டரில் @ போட்டு ஜேசான் என்று ஆங்கிலத்தில் தட்டினாலே மொத்தப் பட்டியலும் வந்துவிடும்.

முதல் படி: அனோட்டேஷன் ஒன்றும் போடாமல் ஓட்டிப் பாருங்கள்

'இலைச்சீட்டு' என்று ஒரு கிளாஸ். அதில் உறுப்பினர் எண், எடை, ஈரக் கழிவு, நாள் (லோக்கல்டேட்), குறிப்பு, வங்கிக் கணக்கு என ஆறு ஃபீல்டு. (ஜாவாவில் தமிழிலேயே பெயர் வைக்கலாம், கோப்பு யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.) எல்லாவற்றுக்கும் மதிப்பை எடுக்கும் கெட்டர், வைக்கும் செட்டர் வேண்டும். பிரைவேட் ஃபீல்டை மட்டும் வைத்துவிட்டுக் கெட்டரை மறந்தால் ஜாக்சன் அதைக் கண்டுகொள்ளாது. ஆர்க்யுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் இருக்கட்டும், திரும்பப் படிக்கும்போது தேவைப்படும்.

ஆப்ஜெக்ட்மேப்பர் ஒன்றை உருவாக்கி, தேதிக்கான ஜாவாடைம்மாட்யூலை அதில் பதிவு செய்து, ரைட்வேல்யூஆஸ்ஸ்ட்ரிங் கூப்பிட்டால் ஜாக்சன் 2-இல் இப்படி வரும் (ஒரே வரியில் வருவதைப் படிக்க வசதியாகப் பிரித்திருக்கிறேன்):

{
  "உறுப்பினர்எண்": "0214",
  "பச்சைஇலைஎடை": 42.5,
  "ஈரக்கழிவு": 1.5,
  "நாள்": [2024, 7, 16],
  "குறிப்பு": null,
  "வங்கிக்கணக்கு": "0012345"
}

உறுப்பினர் எண்ணை ஏன் ஸ்ட்ரிங்காக வைத்தேன் என்றால், இன்ட்டாக வைத்தால் முன்னால் நிற்கும் சுழி போய் 214 ஆகிவிடும். கணக்கு எண்ணுக்கும் அதே கதை. கூட்டிக் கழிக்காத எண் எதுவும் ஸ்ட்ரிங்தான்.

இரண்டாம் படி: பெயரை மாற்றுங்கள்

@ஜேசான்ப்ராப்பர்ட்டி("எடை")
டபுள் பச்சைஇலைஎடை;

இனி ஜாவாவில் பழைய பெயர், ஜேசானில் 'எடை'. போகும்போதும் வரும்போதும் இதே பெயர்தான்.

மூன்றாம் படி: மறைக்க வேண்டியதை மறையுங்கள்

இங்கேதான் நான் நன்றாக மாட்டினேன். கணக்கு எண் சீட்டில் போகக் கூடாதென்று @ஜேசான்இக்னோர் போட்டேன். சீட்டில் காணாமல் போனது, திருப்தி. இரண்டு வாரம் கழித்துக் கொட்டகை அண்ணன் கூப்பிட்டார்: "தம்பி, புதுசா சேர்ந்தவங்க ஒருத்தருக்கும் அக்கவுண்ட் நம்பர் ஏறலையே?"

இக்னோர் இரண்டு பக்கமும் கதவைச் சாத்தும். போனிலிருந்து கணக்கு எண் ஒழுங்காகத்தான் வந்தது. ஜாக்சன் அதை வாங்கி, எந்தப் பிழையும் காட்டாமல் கீழே போட்டுவிட்டது. ஃபீல்டில் நல் (null, அதாவது மதிப்பே இல்லை) மட்டும் மிச்சம்.

வேண்டியது இதுதான்: வரலாம், போகக் கூடாது.

@ஜேசான்ப்ராப்பர்ட்டி(ஆக்சஸ் = ரைட்_ஒன்லி)
ஸ்ட்ரிங் வங்கிக்கணக்கு;

பெயரைப் பார்த்தால் தலை சுற்றும். 'ரைட்' என்றால் ஜேசானில் எழுதுவது என்றுதான் யாரும் நினைப்போம். இங்கே எழுதப்படுவது ஆப்ஜெக்ட். அதாவது வெளியிலிருந்து நோட்டில் ஏற்றலாம், நோட்டிலிருந்து சீட்டுக்குப் போகாது. ரீட்_ஒன்லி அதற்கு நேர் எதிர்: சர்வர் கணக்கிட்டு அனுப்பும் தொகை போன்றவற்றுக்கு. பெயர் வைத்தவரை மனசுக்குள் திட்டிவிட்டு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: நல்லும் சுழியும்

"குறிப்பு": null என்று சீட்டில் வருவது அசிங்கம். கிளாஸுக்கு மேலே @ஜேசான்இன்க்லூட் போட்டு நான்_நல் (NON_NULL) கொடுத்தால் நல் ஃபீல்டுகள் வெளியே போகாது. ஆனால் சின்ன டி-யில் தொடங்கும் டபுளுக்கு நல்லே கிடையாது, 0.0 என்று போய்க்கொண்டிருக்கும். வரும்போது இன்னும் மோசம்: ஜேசானில் எடையே இல்லையென்றாலும் ஜாக்சன் பேசாமல் சுழியை விட்டுவிடும். அப்புறம் அது நிஜமாகவே சுழியா, அனுப்ப மறந்ததா என்று எப்படித் தெரியும்? அதனால் எடைக்கும் கழிவுக்கும் பெரிய டி-யில் தொடங்கும் டபுளையே வையுங்கள். நல் வந்தால் "எடை எங்கே?" என்று கேட்கலாம்.

ஐந்தாம் படி: தேதி

[2024, 7, 16] என்று தேதி கொடுத்தால் யாருக்கும் புரியாது.

@ஜேசான்ஃபார்மட் போட்டு, பேட்டர்னில் நாளுக்கு இரண்டு சின்ன டி, மாதத்துக்கு இரண்டு பெரிய எம், ஆண்டுக்கு நான்கு சின்ன ஒய். "16-07-2024" என்று வரும். சின்ன எம் போட்டால் அது நிமிடம், ஜாக்கிரதை.

பழைய ஜாவா டேட் வேண்டாம், லோக்கல்டேட் எடுங்கள். டேட்டுக்கு ஜாக்சன் தானாக எடுத்துக்கொள்ளும் நேரமண்டலம் யூடிசி. நம் நேரம் அதைவிட 5.30 மணி முந்தியது. கோத்தகிரியில் 16-ஆம் தேதி நள்ளிரவு 12 என்பது அங்கே 15-ஆம் தேதி மாலை 6.30. சீட்டில் ஒரு நாள் பின்னால் போய்விடும். லோக்கல்டேட்டில் நேரமே இல்லாததால் அந்த வம்பு இல்லை. ஜாக்சன் 2-இல் இதற்கு ஜாவாடைம்மாட்யூலை மேப்பரில் பதிவு செய்ய வேண்டும். ஸ்பிரிங் பூட்டில் இருப்பவர்களுக்கு அது தானாகவே நடந்துவிடும்.

ஆறாம் படி: தெரியாத ஃபீல்டு வந்தால்

போன் ஆப்பில் 'மழை' என்று புது ஃபீல்டு சேர்த்தீர்கள், சர்வரை மாற்றவில்லை. ஜாக்சன் 2 தெரியாத பெயரைக் கண்டதும் அன்ரெகக்னைஸ்ட் ப்ராப்பர்ட்டி என்று எக்செப்ஷன் எறிந்து நின்றுவிடும். கிளாஸ் மேலே @ஜேசான்இக்னோர்ப்ராப்பர்ட்டீஸ் போட்டு, இக்னோர்அன்னோனை ட்ரூ ஆக்கினால் கடந்து போகும். நான் இதைக் கடைசியில்தான் போடுவேன். இருந்தால் 'எடை'யை 'ஏடை' என்று தட்டிய பிழைகூடச் சத்தமில்லாமல் விழுங்கப்படும்.

பெயர் மாறிய ஃபீல்டுக்கு வேறு வழி உண்டு. பழைய ஆப் இன்னும் 'கிலோ' என்றே அனுப்புகிறதா? @ஜேசான்ஏலியாஸ்("கிலோ") என்று எடைக்கு மேல் ஒட்டுங்கள். வரும்போது இரண்டு பெயரையும் ஏற்கும், போகும்போது 'எடை' மட்டும். இங்கே பாதிப் பேர் ஆப்பை அப்டேட் செய்யவே மாட்டார்கள், மேடேறி நின்றால்தான் சிக்னல். அந்த 'கிலோ' என் கோடில் இன்னும் இருக்கிறது.