மாற்றுத்திறனாளி கொடுப்பனவில் மோசடி என்று சந்தேகமா? முறைப்பாடு எழுதுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வன்னியில் ஒருவரைப் பற்றி மேலிடத்துக்கு அறிவிப்பது இலேசான காரியமன்று. முகத்தை மூடிக்கொண்டு தலையசைத்தே ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டிகளின் காலத்தையும், 'காட்டிக்கொடுத்தவன்' என்ற ஒரு பேச்சினால் குடும்பங்கள் நொறுங்கிய காலத்தையும் கண்ட ஊர்கள் இவை. பெயர் போடாத பெட்டிசங்கள் (முறைப்பாட்டுக் கடிதங்கள்) பிரதேச செயலகங்களுக்குப் போய்ச் சேருவதும் இதே ஊர்களிலிருந்துதான். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவை ஒருவர் ஏமாற்றிப் பெறுகிறார் என்ற சந்தேகம் எழும்போது, சிலர் ஒரு நாள் கண்ட காட்சியை வைத்துக்கொண்டு அன்றிரவே கடிதம் எழுதிவிடுகிறார்கள். வேறு சிலர், உண்மையான களவு கண்முன்னே நடந்தாலும் வாய் திறப்பதில்லை. கவனித்துப் பார்த்தால், கடிதங்கள் பெரும்பாலும் எளியவர்களைப் பற்றியே எழுதப்படுகின்றன. மௌனம் பெரும்பாலும் வலியவர்களைக் காப்பாற்றுகிறது. இந்தக் கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணம் அதுதான்.

முதலில் கொடுப்பனவைப் பற்றிச் சில விவரங்கள். முன்பு சமூக சேவைகள் பிரிவின் ஊடாக வழங்கப்பட்டுவந்த இந்த உதவி, 2023 இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரித் திட்டம் தொடங்கப்பட்ட பின்னர் 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. மாதம் 5,000 ரூபாயாக இருந்த தொகை 2024 இல் 7,500 ரூபாயாகவும், 2025 இல் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. சிறுநீரக நோயாளர்களுக்கும் முதியோருக்கும் தனித்தனியான கொடுப்பனவுகள் உண்டு. வைத்தியரின் சான்று, குடும்பத்தின் வருமான நிலை, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றைக் கொண்டே ஒருவருடைய தகுதி பார்க்கப்படுகிறது. இன்றைய விலைவாசியில் பத்தாயிரம் ரூபாயில் ஒரு குடும்பம் வாழ முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பணத்தைப் பெறுகிறவர் ஏதோவொரு வேலை செய்தே ஆக வேண்டியிருக்கிறது.

கண்ணால் கண்டதை முழு உண்மை என்று கொள்வது

அதிகமாக நடக்கும் தவறு இதுதான். "அவர் வயலில் நிற்கிறார், மோட்டார் சைக்கிள் ஓடுகிறார், அவருக்கு எதற்குக் கொடுப்பனவு?" என்று கேட்பவர்கள், உடல் இயலாமை என்றால் பாயில் கிடப்பது என்றே எண்ணுகிறார்கள். முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஒருவர் செயற்கைக் கால் பொருத்தி நீளக் காற்சட்டை அணிந்து நடந்தால், தெரியாதவர்கள் கண்டுபிடிக்கவே மாட்டார்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் அப்படியான ஒருவரை எனக்குத் தெரியும். பெரும்போக காலத்தில் காலை முழுவதும் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் நடப்பார். பின்னேரம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காலைக் கழற்றும்போது, உள்ளே போட்டிருக்கும் துணியுறை வியர்வையில் நனைந்து, எலும்பின் முனை அழுத்திய இடத்தில் தோல் உரிந்து சிவந்திருக்கும். அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்கு அவரால் அந்தக் காலைப் பொருத்த முடியாது. ஊன்றுகோலுடன் வீட்டுக்குள்ளேயே இருப்பார். வீதியில் போகிறவர்கள் காண்பது அவர் உழுத நாளை மட்டுமே.

இது காலை இழந்தவர்களுக்கு மட்டும் உரிய நிலைமை அன்று. 2009 மே மாதத்தில் முடிந்த போரின் இறுதி மாதங்களில் காயப்பட்டவர்களில் பலருடைய உடலில் ஷெல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. முள்ளந்தண்டுக்கு அருகிலோ தலைக்குள்ளேயோ இருக்கும் துண்டை எடுப்பது ஆபத்து என்று வைத்தியர்கள் விட்டுவிட்டதும் உண்டு. தலையில் காயப்பட்டவருக்கு வலிப்பு வருமானால், வலிப்பு வராத நாட்களில் அவர் முழு ஆரோக்கியமானவராகவே தெரிவார். ஆனால் அவரை எந்த முதலாளியும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலைக்கு வைக்கத் துணியமாட்டார். முள்ளந்தண்டு வடம் பகுதியாகப் பாதிக்கப்பட்டவர் சில அடிகள் நடக்கக்கூடும், அதேவேளை சிறுநீர் கழிக்கக் குழாய் பயன்படுத்துபவராகவும் இருக்கக்கூடும். செவிப்புலன் இழப்பு, ஒரு கண்ணில் பார்வையின்மை, மனநோய், வளர்ச்சிக் குறைபாடு எவையும் வீதியில் நின்று பார்ப்பவருக்குப் புலப்படுவன அல்ல. இளம் பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. கலியாணப் பேச்சுக்குத் தடையாகிவிடும் என்ற பயத்தில் காயத்தை நீண்ட பாவாடைக்குள்ளும் மூடிய சட்டைக்குள்ளும் மறைத்து வைத்திருப்பவர்களிடம், "உனக்கு என்ன குறை, காட்டு பார்ப்போம்" என்று கேட்க அயலவர் எவருக்கும் உரிமை இல்லை.

வீட்டைக் கண்டு வருமானத்தைக் கணக்கிடுவதும் இதே தவறின் இன்னொரு வடிவம். இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய் வழங்கப்பட்டு வன்னியெங்கும் கல்வீடுகள் கட்டப்பட்டன. பலர் மிச்ச வேலையை முடிக்கக் கடன் வாங்கி, இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக் கூரை ஓடாக இருப்பதாலோ, முற்றத்தில் யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய மோட்டார் சைக்கிள் நிற்பதாலோ அந்தக் குடும்பத்தின் மாத வருமானம் தெரிந்துவிடாது.

மனத்தாங்கலை முறைப்பாடாக எழுதுவது

பெட்டிசம் எழுதுமுன் தன்னிடம் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி உண்டு: இவருக்கும் எனக்கும் இடையில் எல்லைக் காணிப் பிணக்கோ, மாடு வயலுக்குள் இறங்கிய சண்டையோ, கோயில் நிர்வாகப் பகையோ இல்லாதிருந்தால், இதை நான் எழுதுவேனா? 'இல்லை' என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தைச் சில வாரங்கள் எழுதாமல் விடுவதே நல்லது. கோபம் ஆறிய பிறகும் சொல்ல வேண்டிய உண்மை ஒன்று மிஞ்சியிருந்தால், அது எழுதத் தகுந்தது.

தனக்குக் கிடைக்கவில்லை என்ற ஏக்கமும் இங்கே பெரிதாக வேலை செய்கிறது. இந்தக் கொடுப்பனவுக்குத் தகுதி இருந்தும், ஒதுக்கீடு போதாமையால் காத்திருப்போர் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள் வன்னியில் உண்டு. 2023 இல் அஸ்வெசும பட்டியல் வெளியானபோது, விடுபட்டவர்களின் மேன்முறையீடுகளும், சேர்க்கப்பட்டவர்களுக்கு எதிரான ஆட்சேபனைகளும் ஒரே காலத்தில் கோரப்பட்டன. அதனால் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் பலரிடம் பதிந்துவிட்டது. அயலவரின் பெயரை வெட்டுவித்தால் அந்த இடம் தனக்கு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒவ்வொரு விண்ணப்பமும் அதனதன் தகவல்களைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது என்பதாகும். உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்றால், உங்கள் பெயரில், உங்கள் வைத்திய ஆவணங்களுடன் மேன்முறையீடு செய்யுங்கள். அடுத்த வீட்டாரைப் பற்றி அதில் ஒரு வரியும் தேவையில்லை.

பிழையையும் மோசடியையும் ஒன்றாக்குவது

பயனாளி இறந்த பின்னரும் அவருடைய கணக்குக்குப் பணம் வந்துகொண்டிருப்பது, ஒருவரின் பெயரில் இரண்டு கொடுப்பனவுகள் பதியப்பட்டிருப்பது போன்றவை எப்போதும் களவல்ல. மரணத்தைப் பதிவு செய்ததோடு அலுவலகமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று குடும்பத்தினர் நம்பியிருக்கலாம். இப்படியான இடங்களில், அந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய ஒருவர் ஊடாக, "விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) போய் ஒருக்கால் சொல்லிவிடுங்கள்" என்று எடுத்துச் சொல்வது பல வேளைகளில் போதுமானது. சொன்ன பிறகும், தெரிந்தே, மாதாமாதம் பணத்தை எடுத்துக்கொண்டிருந்தால் அப்போது விடயம் வேறு.

சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விடுவது

இனி மௌனத்தைப் பற்றிப் பேச வேண்டும். இந்தக் கொடுப்பனவைச் சுற்றி நடக்கக்கூடிய மோசடிகளில் மிகக் கொடியது, மாற்றுத்திறனாளியிடமிருந்தே அவருடைய பணத்தைப் பறிப்பது. விண்ணப்பத்தை முன்னுக்கு அனுப்புவதற்குக் காசு கேட்கும் உத்தியோகத்தர், முதல் மாதக் கொடுப்பனவில் பங்கு கேட்கும் தரகர், பொய்யான வைத்தியச் சான்று எடுத்துத் தருவதாகச் சொல்லி ஊர் ஊராகத் திரிபவர் ஆகியோரைப் பற்றித் தெரிந்தும், "எங்களுக்கேன் வீண் வில்லங்கம்" என்று விலகிப் போவது, சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரின் மருந்துச் செலவைத் திருடுவதற்கு வழிவிடுவதாகவே முடியும். தரகர் சொன்ன இடத்தில் கையெழுத்து வைத்த ஏழைப் பெண்ணைப் பற்றி மட்டும் பெட்டிசம் எழுதிவிட்டுத் தரகரை விட்டுவிடுவது அதைவிட மோசம். தனியொருவர் ஏமாற்றினால் நட்டம் ஒரு கொடுப்பனவு; தரகர் ஒருவர் தொழிலாக நடத்தினால் அந்தப் பிரிவின் உண்மையான விண்ணப்பங்களும் சந்தேகத்தோடு பார்க்கப்படும்.

உறவினர் பறிப்பது இன்னும் மறைவாக நடக்கும். மனவளர்ச்சி குன்றிய ஒருவரின் வங்கிப் புத்தகத்தையோ அட்டையையோ சகோதரரோ சித்தியோ வைத்திருப்பது தானாகவே தவறாகாது. பராமரிப்பவர் வைத்திருந்துதான் ஆகவேண்டும். பணம் வருவதே அவருக்குத் தெரியாதா, அவருடைய உடுப்பு, சாப்பாடு, மருந்து எப்படி இருக்கின்றன, வைத்தியசாலை நாட்களில் யாராவது கூட்டிப் போகிறார்களா என்பவற்றைப் பார்க்க வேண்டும். மாதம் தவறாமல் பணம் எடுக்கப்பட்டும், அவர் கிழிந்த சாரத்துடன் சந்தியில் தேநீர்க் கடையில் மிச்சச் சாப்பாட்டுக்கு நிற்கிறார் என்றால், அதைச் சமூக சேவைகள் உத்தியோகத்தருக்குச் சொல்வது நமது கடமை. அப்போதும் கேட்க வேண்டியது கொடுப்பனவை நிறுத்தும்படி அன்று, அது உரியவரின் பராமரிப்புக்குச் சேரும்படி ஒழுங்கு செய்யும்படி. இந்த வேறுபாட்டைக் கடிதத்திலேயே தெளிவாக எழுதாவிட்டால், பணம் நின்று போய், அவர் முன்னிலும் பட்டினி கிடக்க நேரிடும்.

பிழையான கதவைத் தட்டுவது

எதை எழுதுகிறோம் என்பதைப் போலவே, எங்கே கொடுக்கிறோம் என்பதும் வன்னியில் மிக முக்கியமானது. காயப்பட்டவர்களில் முன்னாள் போராளிகளும் இருக்கிறார்கள். புனர்வாழ்வு பெற்று வீடு திரும்பிய பிறகும் விசாரணைகளுக்கு அழைக்கப்பட்ட அனுபவம் அவர்களில் பலருக்கு உண்டு. காயம் எப்படி வந்தது என்று கேட்டாலே பேச்சை மாற்றுகிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். அந்த மழுப்பலை மோசடிக்கு அடையாளம் என்று கொள்வது பெரும் அநியாயம். கொடுப்பனவு பற்றிய சந்தேகத்தை இராணுவ முகாமிலோ புலனாய்வாளர் என்று சொல்லி வருபவரிடமோ சொன்னால், பத்தாயிரம் ரூபாய்க் கேள்வி ஒன்று முற்றிலும் வேறான விசாரணையாக மாறிவிடக்கூடும். இது நலன்புரி நிர்வாகத்தின் விடயம். கிராம அலுவலர், சமூக சேவைகள் உத்தியோகத்தர், பிரதேச செயலாளர், அதற்கு மேல் மாவட்டச் செயலகம் என்ற வரிசையிலேயே அது செல்ல வேண்டும். சந்தேகம் அந்த வரிசையில் இருக்கும் உத்தியோகத்தர் ஒருவர் மீதே என்றால், அவருக்கு மேலுள்ளவருக்கு எழுதலாம். இலஞ்சம் கேட்கப்பட்டிருந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தகவல் தருவோருக்குப் பாதுகாப்பு வழங்குகிறது.

முகநூலிலும் வட்ஸ்அப், வைபர் குழுக்களிலும் படம் போடுவது முறைப்பாடு ஆகாது. ஒருவர் சைக்கிள் ஓடும் காணொளியைப் போட்டு, 'இவருக்குத்தான் மாற்றுத்திறனாளி காசு' என்று எழுதுபவர், விசாரணை நடக்குமுன்னரே தீர்ப்பை ஊருக்கு அறிவித்துவிடுகிறார். பிறகு அவர் தகுதியானவர் என்று தெரியவந்தாலும், அந்தக் காணொளி கைபேசி கைபேசியாகப் போய்க்கொண்டே இருக்கும். அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

எழுதுவது என்று தீர்மானித்துவிட்டால், கண்டதை மட்டும் எழுத வேண்டும். 'மோசடிக்காரர்', 'கள்ளன்' போன்ற சொற்களால் ஒரு பயனும் இல்லை. எந்தத் திகதியில், எந்த இடத்தில், யார், யாரிடம், எவ்வளவு கேட்டார், அதை நீங்கள் நேரில் கேட்டீர்களா, இன்னொருவர் சொல்லக் கேட்டீர்களா என்பவற்றைப் பிரித்து எழுதினால், விசாரிப்பவருக்கு வேலை இலகுவாகும். அயலவரின் வைத்திய அறிக்கைகளைக் களவாகப் படம் எடுத்து இணைக்க வேண்டாம். சொந்தப் பெயரையும் முகவரியையும் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பெயரை இரகசியமாக வைக்கும்படி அதே கடிதத்தில் கேட்கலாம். மொட்டைக் கடிதத்துக்கு ஒருவரும் திரும்பி விளக்கம் கேட்க முடியாது; ஆகவே அது குப்பைக்குப் போகும், அல்லது அரைகுறைத் தகவலுடன் யாரோ ஒருவரின் வாசலில் போய் நிற்கும். தெரிந்துகொண்டே பொய்த் தகவல் கொடுத்து அரச உத்தியோகத்தரைக் கொண்டு இன்னொருவருக்குத் தீங்கு செய்விப்பது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம் என்பதையும் மறக்கக் கூடாது. நல்லெண்ணத்துடன் எழுதி, பிறகு சந்தேகம் தவறு என்று தெரியவருவது அந்தக் குற்றத்தில் அடங்காது.

கடிதம் போன பிறகு கிராம அலுவலரை மறித்து, "என்ன, வெட்டியாச்சா?" என்று கேட்பதும், உத்தியோகத்தர் விசாரிக்க வந்த நாளில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பதும் விசாரணையைக் கெடுக்கும். முடிவு உங்களுக்கு அறிவிக்கப்படாமலும் போகலாம். மற்றொருவரின் மருத்துவ விவரம் உங்களுக்குச் சொல்லப்பட வேண்டியதில்லை. கொடுப்பனவு தொடர்ந்தால், அவர் தகுதியானவர் என்று காணப்பட்டிருக்கக்கூடும் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியது பிழை என்று இடையில் உங்களுக்கே தெரியவந்தால், எந்த அலுவலகத்துக்கு முதற்கடிதம் போனதோ அதே அலுவலகத்துக்கு, அதே பெயரில், என்ன பிழை என்று விளக்கி இரண்டாவது கடிதத்தை உடனே எழுதுங்கள். பணம் நிறுத்தப்பட்டிருந்தால், அவர் மேன்முறையீடு செய்யும்போது அந்தக் கடிதம் அவருடைய கோப்பில் இருப்பது அவருக்குப் பெரிய உதவியாக அமையும்.