யாழ்ப்பாணத்தின் ஈர்ப்பை வீட்டு விறாந்தையில் அளக்கும் முறை

க.பொ.த. உயர்தரப் பௌதிகவியலில் எளிய ஊசல் செய்முறையைச் செய்த மாணவர்களின் குறிப்பேடுகளைப் புரட்டினால், ஈர்ப்பு ஆர்முடுகலின் பெறுமானம் என்ற இடத்தில் 9.81 என்ற எண்ணையே மீண்டும் மீண்டும் காணலாம். நானும் அப்படித்தான் எழுதினேன். எனக்குக் கிடைத்த விடை 9.77, பாடநூலில் இருந்தது 9.81, ஆகவே என் வாசிப்புத்தான் பிழை என்று முடிவுசெய்து, நேரத்தைச் சற்றே குறைத்து அழித்தெழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டேன். அந்த 9.77 உண்மைக்கு மிக அருகில் இருந்தது என்பதும், 9.81 என்பது இலண்டனுக்கும் பாரிசுக்கும் பொருந்தும் எண்ணே தவிர யாழ்ப்பாணத்துக்கு உரியதன்று என்பதும் பல ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரிந்தது. யாழ்ப்பாணத்தின் பெறுமானம் செக்கனுக்குச் செக்கன் ஏறத்தாழ 9.78 மீற்றர். இதனை நூல், குண்டு, அளவு நாடா, கைத்தொலைபேசியில் உள்ள நிறுத்தற்கடிகாரம் ஆகியவற்றைக் கொண்டு உங்கள் வீட்டிலேயே, 9.81 இலிருந்து வேறுபடுத்திக் காட்டக்கூடிய அளவு துல்லியமாக, அளந்துகொள்ளலாம். அதற்கான வழியையும் அந்த எண்ணின் பின்னாலுள்ள காரணத்தையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதை அளக்கப்போகிறோம் என்பது தெளிவாக இருக்கவேண்டும். கையிலிருந்து நழுவிய பொருள் ஒரே வேகத்தில் விழுவதில்லை. ஒவ்வொரு செக்கனிலும் அதன் வேகம் செக்கனுக்கு 9.78 மீற்றர் வீதம் கூடிக்கொண்டே போகிறது. இந்தக் கூடும் வீதமே ஈர்ப்பு ஆர்முடுகல்; தமிழ்நாட்டு நூல்கள் இதனை முடுக்கம் என்கின்றன. இருபது மீற்றர் உயரத்துப் பனையிலிருந்து கழன்ற பழம், காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணித்தால், இரண்டு செக்கனில் நிலத்தைத் தொடும். தொடும்போது அதன் வேகம் மணிக்கு எழுபது கிலோமீற்றரைத் தாண்டியிருக்கும். பனங்காணிக்குள் பழக்காலத்தில் பிள்ளைகளை விளையாடவிடாமல் பெரியவர்கள் தடுப்பது இதனால்தான்.

அப்படியானால் ஒரு கல்லை விழுத்தி நேரம் பார்த்தே இதை அளந்துவிடலாமே என்று தோன்றும். அளக்கலாம், ஆனால் விடையில் நம்பிக்கை வைக்க முடியாது. இரண்டு செக்கனில் முடிந்துவிடும் நிகழ்வில், கண் கண்டதைக் கை அழுத்துவதற்குள் ஏற்படும் 0.2 செக்கன் தாமதமே பத்தில் ஒரு பங்குப் பிழையாகிவிடும். ஆர்முடுகலைக் கணிக்க நேரத்தை வர்க்கிக்கவேண்டியிருப்பதால் அந்தப் பிழை இருமடங்காகும். ஊசலோ அதே விழுகையைச் சாய்வாகவும் மெதுவாகவும் நிகழச்செய்து, நூற்றுக்கணக்கான தடவைகள் திருப்பித் திருப்பிக் காட்டுகிறது. இருநூறு அலைவுகளின் நேரத்தைச் சேர்த்து அளந்தால், அதே 0.2 செக்கன் பிழை இருநூறு அலைவுகளுக்கும் பங்கிடப்பட்டுவிடும்.

குண்டாக மேசன்மார் சுவர் நேர் பார்க்கும் தூக்குக்குண்டே போதும். பாரம் கூடினால் நல்லது. பாரமான குண்டைக் காற்று எளிதில் நிறுத்திவிடாது. நூல் மெல்லியதாகவும் இழுபடாததாகவும் இருக்கவேண்டும். தங்கூசி என்னும் நைலோன் நூல் எளிதில் கிடைத்தாலும் பாரத்தால் நீளும் இயல்புடையது. அதைத் தவிர வேறு வழியில்லையென்றால் குண்டைத் தொங்கவிட்டு ஓர் இரவு கழிந்தபின் நீளத்தை அளவுங்கள். மாங்கிளையில் கட்டவேண்டாம், ஊசல் ஆடும்போது கிளையும் சேர்ந்து ஆடும். கூரையின் வளை, விறாந்தைத் தூணில் இறுக்கிய சட்டம், கதவு நிலையின் மேல்மரம் ஆகியவற்றில் அசையாத ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். நூலை ஆணியில் சுற்றிக் கட்டுவதும் பிழையே. ஆடும்போது நூல் ஆணியில் உருண்டு நீளம் மாறிக்கொண்டிருக்கும். இரண்டு சிறிய தட்டைப் பலகைத் துண்டுகளின் நடுவே நூலை வைத்து, கீழ்விளிம்புகள் ஒரே மட்டத்தில் இருக்குமாறு இறுக்கினால், நூல் எந்தப் புள்ளியிலிருந்து ஆடுகிறது என்பதில் ஐயம் இராது. ஆய்வுகூடத்தில் பிளந்த தக்கை செய்யும் வேலையும் இதுதான்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் பகலில் இதைச் செய்வது வீண் வேலை. இரவிலோ, காற்று எழும்புமுன் விடியற்காலையிலோ, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது நீளம். பெரும்பாலானோருடைய விடை கெடுவது இங்கேதான். ஊசலின் நீளம் என்பது நூலின் நீளமன்று; நூல் பிடிபட்ட இடத்திலிருந்து குண்டின் ஈர்ப்பு மையம் வரையான தூரம். உருண்டைக் குண்டென்றால் நடுப்புள்ளியை அறிவது எளிது. பம்பரம் போன்ற தூக்குக்குண்டில் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால், அதை அறியாமலே விடை காணும் வழியொன்றைக் கையாளுவோம்: ஒரே ஊசலை இரண்டு நீளங்களில் ஆட்டி, வேறுபாட்டை மட்டும் பயன்படுத்துவோம். அறியாத அந்தச் சில சென்ரிமீற்றர் இரண்டு நீளங்களிலும் ஒரே அளவாக இருப்பதால், கழிக்கும்போது தானாகவே போய்விடும். உயர்தரச் செய்முறையில் அலைவு காலத்தின், அதாவது ஒரு முழு அலைவுக்கு எடுக்கும் நேரத்தின், வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்து படித்திறனை (கோட்டின் சாய்வை) காணச் சொல்வதன் உட்பொருளும் இதுவே.

பலகையின் கீழ்விளிம்பிலிருந்து குண்டில் நூல் கட்டிய கொளுவி வரை 1.460 மீற்றர் இருக்குமாறு முதலில் அமையுங்கள். அலைவுகளை எண்ணி முடித்தபின், குண்டைத் தொடாமல் மேலே நூலை இழுத்து இறுக்கி, அதே தூரம் 0.460 மீற்றர் ஆகுமாறு குறைத்து மீண்டும் எண்ணுங்கள். இரண்டு அளவுகளையும் குண்டு தொங்கிக்கொண்டிருக்கும்போதே எடுக்கவேண்டும். ஒரு மில்லிமீற்றருக்குள் சரியாக இருக்கவேண்டும். ஏனெனில் 9.78 க்கும் 9.81 க்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றரில் மூன்று மில்லிமீற்றருக்குச் சமம். நீளத்தில் மூன்று மில்லிமீற்றர் தவறினால் யாழ்ப்பாணம் ஐரோப்பாவாகிவிடும்.

ஆட்டும்போது குண்டை அதிகம் இழுக்கக்கூடாது. நீளத்தின் இருபதில் ஒரு பங்குக்கு மேல் பக்கவாட்டில் நகர்த்தாதீர்கள், 1.5 மீற்றர் ஊசலுக்கு அது ஏழரைச் சென்ரிமீற்றர், அரை மீற்றர் ஊசலுக்கு இரண்டரைச் சென்ரிமீற்றர். அலைவு காலம் வீச்சைப் பொறுத்ததன்று என்று நாம் படித்தது சிறிய வீச்சுக்கே பொருந்தும். பத்துப் பாகைக்கு இழுத்துவிட்டால், வீச்சு அதே அளவில் நிலைத்திருக்கும் வரை, ஒவ்வோர் அலைவும் சிறிது நீண்டு, விடை 9.74 வரை இறங்கிவிடும். குண்டைத் தள்ளாமல் நூல்துண்டால் கட்டி இழுத்து, அந்த நூலை நெருப்பால் எரித்து விடுவிப்பது சிறந்த வழி. அப்போது குண்டு வட்டமிடாமல் நேர்கோட்டில் ஆடும்.

எண்ணத் தொடங்கும் இடம் அலைவின் முனையாக இருக்கக்கூடாது. முனையில் குண்டு ஏறத்தாழ நின்றுவிடுவதால் எந்தக் கணத்தில் திரும்பியது என்று சொல்ல முடியாது. நடுவில், மிகத் தாழ்ந்த புள்ளியில், அது மிக விரைவாகக் கடக்கிறது. அந்த இடத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு கோடு வரைந்து, குண்டு இடமிருந்து வலமாக அக்கோட்டைக் கடக்கும்போது 'பூச்சியம்' என்று சொல்லிக் கடிகாரத்தைத் தொடக்குங்கள். மறுபடி இடமிருந்து வலமாகக் கடக்கும்போது ஒன்று. தொடக்கத்தையே ஒன்று என்று எண்ணுவது மிகப் பழக்கமான தவறு; இருநூறில் ஓர் அலைவு தவறினால் விடையில் நூற்றுக்கு ஒரு பங்கு மாறி, நாம் தேடும் சிறு வேறுபாடு அதில் மூழ்கிப்போகும். இருவர் சேர்ந்து செய்வது நல்லது. ஒருவர் வாய்விட்டு எண்ணட்டும், மற்றவர் பத்துக்கு ஒரு கோடு போடட்டும். ஒவ்வொரு நீளத்துக்கும் மூன்று தடவை செய்து, எந்த வாசிப்பையும் அழிக்காமல் எழுதிவையுங்கள்.

கணிப்பு எளியது. அலைவு காலத்தின் வர்க்கம் நீளத்துக்கு நேர்விகிதமானது; ஆகவே நீளங்களின் வேறுபாட்டை 39.478 ஆல் பெருக்கி, அலைவு காலங்களின் வர்க்கங்களுடைய வேறுபாட்டால் வகுத்தால் ஈர்ப்பு ஆர்முடுகல் கிடைக்கும். 39.478 என்பது π இன் வர்க்கத்தின் நான்கு மடங்கு. எடுத்துக்காட்டாக, நீண்ட ஊசலின் 200 அலைவுகளுக்கு 492.1 செக்கனும் குறுகிய ஊசலுக்கு 284.1 செக்கனும் எடுத்தன என்று கொள்வோம். அலைவு காலங்கள் 2.4605, 1.4205, வர்க்கங்கள் 6.0541, 2.0178, வேறுபாடு 4.0363. நீளங்களின் வேறுபாடு சரியாக ஒரு மீற்றர் என்பதால் 39.478 ஐ 4.0363 ஆல் வகுத்தால் விடை 9.78. இதே வாசிப்பில் குறுகிய ஊசலை மட்டும் எடுத்து, கொளுவி வரையான 0.460 மீற்றரே நீளம் என்று கணித்திருந்தால் 9.00 வந்திருக்கும். குண்டுக்குள் மறைந்திருந்த நான்கு சென்ரிமீற்றரின் விளைவு அது.

நேரம் இருந்தால் இன்னொன்றையும் செய்துபாருங்கள். ஒரே அளவான இரண்டு உருண்டைகளில் ஒன்று ஈயமாகவும் மற்றது கண்ணாடியாகவும் இருக்க, ஒரே நீளத்தில் ஆட்டினால் அலைவு காலம் மாறாது. பாரமான பொருளைப் பூமி அதிக விசையோடு இழுக்கிறது என்பது உண்மை. ஆனால் அதே விகிதத்தில் அதனை நகர்த்துவதும் கடினமாகிறது, அதனால் ஆர்முடுகல் ஒன்றாகவே இருக்கிறது. 1971 இல் அப்பலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்கொட் சந்திரனில் நின்று ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாக விட்டபோது, காற்றில்லாத அங்கே இரண்டும் ஒன்றாகவே நிலத்தைத் தொட்டன.

இனி 9.78 ஏன் என்ற கேள்வி. திணிவுள்ள எந்த இரு பொருள்களும் ஒன்றையொன்று இழுக்கின்றன. திணிவு கூடினால் இழுவை கூடும், தூரம் இருமடங்கானால் இழுவை நாலில் ஒன்றாகும். நியூற்றன் 1687 இல் வெளியிட்ட இவ்விதியின்படி, சீரான கோளமொன்று வெளியிலுள்ள பொருளைத் தன் முழுத் திணிவும் மையத்தில் திரண்டிருந்தாற்போல் இழுக்கும். ஆனால் பூமி சீரான கோளமன்று. அது சுழல்வதால் நடுக்கோட்டுப் பகுதியில் புடைத்திருக்கிறது. நடுக்கோட்டில் மையத்திலிருந்து 6378 கிலோமீற்றர், முனைவில் 6357 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.7 பாகையில் இருப்பதால், நாம் மையத்திலிருந்து சற்று விலகி நிற்கிறோம். அதோடு, பூமியின் சுழற்சியுடன் நம்மையும் சுற்றவைப்பதற்கு இழுவையின் ஒரு சிறு பகுதி செலவாகிறது. அப்பகுதி நடுக்கோட்டில் மிகக் கூடியது. இவ்விரண்டும் சேர்ந்தே நடுக்கோட்டில் 9.78 ஆகவும் முனைவில் 9.83 ஆகவும் இருக்கக் காரணம். இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் பூமியின் உள்ளே திணிவு பரவியிருக்கும் விதத்தால் கடல் மட்டமே எதிர்பார்க்கப்படும் மட்டத்தினின்று நூறு மீற்றரளவு தாழ்ந்திருக்கிறது. இத்தகைய வேறுபாடுகள் நம் விடையில் மூன்றாம் தசம தானத்துக்குப் பின்னரே தெரியும் என்பதால் விறாந்தை ஊசலுக்கு அவை எட்டா.

இடத்துக்கு இடம் ஈர்ப்பு மாறுகிறது என்பதை உலகம் அறிந்ததும் ஓர் ஊசலால்தான். 1672 இல் பாரிசிலிருந்து தென்னமெரிக்காவின் கயேன் நகருக்குச் சென்ற ஜான் ரிஷே என்ற வானியலாளர், பாரிசில் சரியாக ஓடிய தமது ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்துவதைக் கண்டார். அதைச் சரிசெய்ய ஊசலை ஏறத்தாழ 2.8 மில்லிமீற்றர் குறுக்கவேண்டியிருந்தது. கயேன் நடுக்கோட்டுக்கு ஐந்து பாகை அருகில் இருக்கிறது. அந்த வாசிப்பை ரிஷே பிழையென்று அழிக்கவில்லை. பூமி நடுவில் புடைத்திருக்கிறது என்ற தமது முடிவுக்கு நியூற்றன் அதனைச் சான்றாக எடுத்தார்.

உங்களுக்குக் கிடைத்த எண்ணால் பூமியின் திணிவையும் காணலாம். 1798 இல் கவென்டிஷ் ஈயக்கோளங்களுக்கு இடையிலான மிக நுண்ணிய இழுவையை அளந்தார். அதனூடாக அறியப்படும் ஈர்ப்பு மாறிலி இன்றைய அளவில் 6.674 × 10⁻¹¹ அலகுகள். பூமியின் நடுக்கோட்டு ஆரையை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 9.78 ஆல் பெருக்கி இந்த மாறிலியால் வகுத்தால் 5.96 × 10²⁴ கிலோகிராம் வரும். ஏற்கப்பட்ட பெறுமானம் 5.97 × 10²⁴.

இலண்டனில் உறவினர் இருந்தால் இதே ஊசலை அங்கும் ஆட்டச் சொல்லுங்கள். அங்கே ஆர்முடுகல் 9.81, ஆகவே ஈர்ப்பு மையம் வரை 1.5 மீற்றர் நீளமுள்ள ஊசல் இருநூறு அலைவுகளை யாழ்ப்பாணத்திலும் பார்க்க முக்கால் செக்கன் முந்தி முடிக்கவேண்டும். அவர்களுடைய நீளம் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் அதில் 0.16 செக்கன் மாறிவிடும். அதனால் அங்கே புதிதாக அமைக்காமல், நீங்கள் ஆட்டிய அதே குண்டையும் அதே நூலையும், நூல் பிடிபட்ட இடத்தில் மையால் அடையாளமிட்டு, கோடை விடுமுறைக்கு வந்து திரும்புபவர்களிடம் கொடுத்தனுப்புவதே நல்லது.