பத்ரிநாத்திலிருந்து வசுதாரா அருவிக்கு: ஒரு பகல் நடைக்குத் தயாராவது எப்படி

பத்ரிநாத்துக்குப் போய்வந்த நம் ஊர்க்காரர்களிடம் வசுதாரா அருவியைப் பார்த்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். "மாணா வரை போனோம், பீம் பாலத்தைப் பார்த்தோம், அதற்குள் வண்டிக்காரர் கூப்பிட்டுவிட்டார்" என்பார்கள் பெரும்பாலோர். பத்ரிநாத்தை அடுத்த மாணா கிராமத்தில் இருக்கும் அந்தப் பாலத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நடந்தால், 400 அடி உயரத்திலிருந்து காற்றில் ஆடிக்கொண்டே இறங்குகிற அருவி. தமிழ்நாட்டிலிருந்து அவ்வளவு தூரம் போய்விட்டு இதைப் பார்க்காமல் திரும்புவது எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் மூன்று முறை முயன்றேன். மூன்றாவது முறைதான் அருவியடிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முதல் முறை 2016 ஜூன். ஒரு சுற்றுலாக் குழுவோடு போனேன். பெயர் வேண்டாம். ரிஷிகேசத்தில் விடியற்காலை வண்டியில் ஏற்றி, இரவில் பத்ரிநாத்தில் இறக்கிவிட்டார்கள். மறுநாள் காலை தரிசனம், பிறகு வசுதாராவுக்கு "இரண்டு மணி நேரம்" என்று திட்டத்தில் போட்டிருந்தது. பீம் பாலத்தைத் தாண்டி முக்கால் மணி நேரம்கூட நடந்திருக்க மாட்டேன், நெற்றிப் பொட்டில் ஆணி அடிப்பதுபோல வலி, குமட்டல். பாதையோரக் கல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். தினமும் ஸ்ரீரங்கம் உத்தர வீதி, சித்திரை வீதி என்று சுற்றி நடக்கிற கால்கள்தான். கால்களில் ஒரு குறையும் இல்லை. என் உடம்புக்கு அந்த உயரம் பழகவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே திட்டம் போடும்போது காலணியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் உயரத்தைப் பற்றி யோசியுங்கள். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். பத்ரிநாத் கோயில் வாசலே 3,100 மீட்டருக்குக் குறையாது. தொட்டபெட்டா உச்சியைவிட நானூறு ஐந்நூறு மீட்டர் மேலே போய்ப் படுத்துத் தூங்குகிறோம். அருவி சுமார் 3,600 மீட்டரில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ரிஷிகேசமோ 350 மீட்டரை ஒட்டிய ஊர். ஒரே பகலில் அங்கிருந்து பத்ரிநாத்துக்கு ஏறி, மறுநாளே நடக்கவும் தொடங்கினால் உடம்பு எப்படித் தாங்கும்?

நான் இப்போது எல்லோருக்கும் சொல்லும் கணக்கு இது. ரிஷிகேசத்தில் ஓர் இரவு. அங்கிருந்து பத்ரிநாத் ஏறக்குறைய 300 கிலோமீட்டர், அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வழியில் தேவப்பிரயாகையில் இறங்கிச் சேவித்துவிட்டு ஜோஷிமட்டில் இரண்டாம் இரவு. அது 1,900 மீட்டரை ஒட்டிய ஊர், நடுப்படி மாதிரி. ஆழ்வார்கள் பாடிய திவ்ய தேசங்களைச் சேவிக்கிறவர்களுக்குத் தேவப்பிரயாகை திருக்கண்டமென்னும் கடிநகர், ஜோஷிமட் திருப்பிருதி. எனவே இந்த நிதானம் உடம்புக்கும் நல்லது, யாத்திரைக்கும் நிறைவு. 2023 தொடக்கத்தில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்ட ஊர் ஜோஷிமட். தங்குமிடம் பிடிக்கும்முன் நிலைமையை விசாரித்துக்கொள்ளுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் சற்றுக் கீழே பீப்பல்கோட்டியில் தங்கலாம்.

மூன்றாம் நாள் பத்ரிநாத். அன்று தரிசனம் தவிர வேறெதுவும் வேண்டாம். நான்காம் நாள் காலை ஓய்வு, மாலையில் மாணாவுக்குப் போய் வியாச குகை, கணேச குகை, பீம் பாலம் எல்லாம் பார்த்துவிட்டு இறங்கி வந்து தூங்குங்கள். ஐந்தாம் நாள்தான் வசுதாரா. மழையோ மண்சரிவோ வந்தால் ஈடுகட்ட ஒரு நாள் கையில் இருக்கட்டும். திரும்பும் ரயில் டிக்கெட்டை இறுக்கமாகப் போட்டுவிட்டு, அந்தத் தேதிக்குப் பயந்தே மலையேறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கும்.

இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உயரத்துக்கான மாத்திரையையும் அவர் சொன்னால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை மறக்காமல் அவரிடம் சொல்ல வேண்டும். பத்ரிநாத் உள்ளிட்ட சார்தாம் யாத்திரைக்கான அரசுப் பதிவையும் ஊரிலிருந்தே முடித்துவிடுங்கள். வசுதாராவுக்கு அதற்கு மேல் அனுமதி தேவையில்லை. அதையும் தாண்டி சதோபந்த் ஏரி வரை போவது வேறு விஷயம். அதற்குத் தனி அனுமதி, வழிகாட்டி, கூடாரம் எல்லாம் வேண்டும்.

மாதம் எது? கோயில் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ திறந்து நவம்பரில் சாத்தப்படும். மே மாதம் பாதையின் குறுக்கே பனித்திட்டுகள் கிடக்கலாம். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். மண்சரிவில் சாலை மூடிக்கொள்ளும். என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் பாதியும்தான். வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், கூட்டமும் குறைவு. குளிர் கூடுதல், ஆனால் குளிருக்கு உடுத்திக்கொள்ளலாம்.

கிளம்பும் நாளில் விடியும்போதே பத்ரிநாத்திலிருந்து வண்டி பிடித்து மாணாவில் இறங்கிவிடுங்கள். மூன்று கிலோமீட்டர்தான். ஆறரை மணிக்கு நடை தொடங்க வேண்டும். மதியத்துக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கில் காற்று எழும்பும், மேகம் இறங்கும்.

பீம் பாலம் என்பது சரஸ்வதி நதியின் மேல் கிடக்கும் ஒற்றைப் பாறை. திரௌபதி கடப்பதற்காகப் பீமன் தூக்கிப் போட்டதாகச் சொல்வார்கள். கீழே நதி போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சு கேட்காது. அதைக் கடந்து சிறிது தூரத்தில் திரௌபதிக்கு ஒரு சிறு கோயில். அதன்பின் வழி தவற வாய்ப்பில்லை. அளகநந்தா இடது கைப்பக்கம் கீழே ஓடிக்கொண்டே வரும், காலை வெயில் முதுகில் விழும். முதலில் கல் பாவிய பாதை, போகப்போகக் கற்குவியல்களும் சிற்றோடைகளும். ஏறக்குறைய 400 மீட்டர் ஏற்றம், செங்குத்து என்று சொல்ல முடியாது. மரம் ஒன்றுகூடக் கிடையாது, ஆகவே நிழலும் கிடையாது.

வேகம் எவ்வளவு என்று கேட்பார்கள். நான் பாசுரம் சொல்லிக்கொண்டே நடப்பேன். ஓர் அடியை நடுவில் மூச்சு முட்டாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. முட்டினால் நின்றுவிடுவேன். முதுமை வந்து கோலூன்றித் தள்ளாடும்முன் வதரியை, அதாவது பத்ரிநாத்தை, வணங்குங்கள் என்று திருமங்கையாழ்வார் பாடினார். கோலை மட்டும் நான் இப்போதே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். மூங்கில் தடி ஒன்று இருந்தால் இறங்கும்போது முழங்கால் பிழைக்கும்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போகாதீர்கள். நான் போனேன். குளிரில் சோறு விறைத்து உமி மெல்லுவதுபோல் ஆகிவிட்டது. தங்கிய இடத்திலேயே சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் சுற்றி வாங்கிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டியவை இரண்டு: பொருள்விளங்கா உருண்டையும் உப்பு நார்த்தங்காயும். உருண்டையை வாயில் அடக்கிக்கொண்டு நடந்தால் அரை மணி நேரம் தெம்பு தரும். நார்த்தங்காயில் ஒரு நகக்கண் அளவு கிள்ளி நாக்கில் வைத்தால் வாய் வறட்சியும் லேசான குமட்டலும் அடங்கும். மாணாவைத் தாண்டினால் கடையை நம்பக் கூடாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம்.

தண்ணீர் என்றதும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஒதுங்க மறைவிடம் இல்லையே என்று நம்மில் பலர் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் நடக்கிறோம். உயரத்தில் அதுவே தலைவலியைக் கிளப்பிவிடும். ஒரு பெரிய கறுப்புக் குடையும் பழைய துப்பட்டாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பாறை ஓரத்தில் குடையை விரித்துப் பிடித்தால் போதும், துணைக்கு இன்னொரு பெண் நின்றால் இன்னும் நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஒரு சங்கடமும் இல்லை.

உடுப்பு: ஒரே தடித்த ஸ்வெட்டருக்குப் பதில் மெல்லியதாக மூன்று அடுக்கு, மேலே மழைக்கோட்டு. கணுக்கால் மூடும் பிடிமானமுள்ள ஷூ, மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி. காதை மூடும் குல்லா, கறுப்புக் கண்ணாடி. தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், உதட்டுக்குத் தடவுவதை வாயகன்ற டப்பாவில் வையுங்கள். போனை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்தால் பேட்டரி நிற்கும். ஆனால் சிக்னலை நம்பித் தனியாகப் போகாதீர்கள்.

இரண்டாவது முறை, 2019 அக்டோபரில், அக்காவோடு போனேன். அவளுக்கு அறுபத்திரண்டு வயது. நான் சொன்ன கணக்குப்படியே தங்கித் தங்கித்தான் போனோம். பாதித் தூரத்துக்கு மேல் வந்தபின் அவள் பேச்சு குறைந்தது. தடி ஊன்றும் இடம் தவறியது. "என்னக்கா?" என்றேன். "ஒன்றுமில்லை, நீ நட" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்பவரை நம்பாதீர்கள். நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொன்னேன். ஆறாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தாள். அருவி கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலிருந்து கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தேன். மாணாவை நெருங்கும்போதே தெளிந்துவிட்டாள். தலைவலி மட்டும் என்றால் உட்கார்ந்து பார்க்கலாம். தள்ளாட்டம், பேச்சுக் குழறல், உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சிரைப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த நிமிடமே கீழே இறங்க வேண்டும். எல்லோரும் நன்றாகவே இருந்தாலும், பதினொன்றரை மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து திரும்பிவிடுங்கள். இதை முதல் நாள் இரவே எல்லோரும் வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

அருவி பாவிகள்மேல் விழாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதற்காகவே நேர் அடியில் போய் நிற்கிறார்கள். வேண்டாம். நீரோடு கல்லும் பனிக்கட்டியும் மேலிருந்து வரும், பாறையெல்லாம் வழுக்கும். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் நீரைக் காற்று பாதியிலேயே புகையாக்கி எங்கெங்கோ கொண்டுபோகிறது. தள்ளி நின்று காத்திருங்கள், காற்று திரும்பும்.

2022 அக்டோபரில் நாங்கள் அப்படித்தான் நின்றோம். அக்காவும் வந்திருந்தாள். ஒரு கால் மணி நேரம் எங்கள் பக்கம் ஒன்றும் வரவில்லை. திடீரென்று வெண்புகை சாய்ந்து வந்து முகமெல்லாம் ஊசியாய்க் குத்தியது. அக்கா கண்ணாடியைக் கழற்றினாள், துடைக்கவில்லை, அப்படியே கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பத்தே முக்கால். ஆளுக்கு அரை உருண்டை தின்றுவிட்டு, ஈர சாக்ஸை மாற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கினோம்.