ஆலையில் மின்னழுத்தம் குறைந்தால் டேப்பைக் கடைசியாகத் தொடுங்கள்

மோட்டார் சூடாகிறது, கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) படபடக்கிறது, மிகைச் சுமையில் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுகிறது. உடனே டிரான்ஸ்பார்மர் டேப்பை (வெளியீட்டு மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) மாற்றலாம் என்று யாராவது கிளம்புவார்கள், விடாதீர்கள். கோளாறு ஒரு கிளையில் மட்டும் இருந்தால், மற்ற இடங்களில் மின்னழுத்தம் எகிறிவிடும். அதற்காகக் குறைவைக் கண்டுகொள்ளாமலும் விட முடியாது: மின்னழுத்தம் 10% குறைந்தால் மோட்டாரின் முறுக்குவிசை ஏறக்குறைய 19% குறையும்.

1. இயந்திரங்கள் முழுச் சுமையில் ஓடும்போது அளவெடுங்கள். மின்னோட்டம் இல்லாதபோது கருகிய இணைப்பும் யோக்கியமாகத்தான் தெரியும்.

2. டிரான்ஸ்பார்மர் வெளியீடு, பிரதான பேனல், துணைப் பேனல், மோட்டார் முனை என்று வரிசையாக, ஃபேஸ்களுக்கு இடையே மூன்று அளவுகளையும் குறியுங்கள். தொடக்கத்திலேயே குறைவென்றால் வரும் மின்சாரத்தையும் கெப்பாசிட்டர் பேங்க்கையும் பாருங்கள். நடுவில் சட்டென்று இறங்கினால் கோளாறு அந்த இடைவெளியில்தான்.

3. பலரும் தடுமாறுவது இங்கேதான். பிரேக்கரின் ஒரே ஃபேஸில் உள்ளே வரும் முனைக்கும் வெளியேறும் முனைக்கும் இடையே அளவெடுங்கள். நல்ல தொடர்பில் இது மில்லிவோல்ட் அளவிலேயே இருக்கும். மூன்று ஃபேஸ்களையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தனித்து உயர்ந்தால் அதுதான் கோளாறு. ஆனால் திருகிலிருந்து திருகுக்கு மட்டும் அளந்தால் லக்கின் (கேபிள் நுனியில் பொருத்தும் உலோக முனையின்) கிரிம்ப், அதாவது அழுத்திப் பிடித்த பகுதி, தப்பித்துவிடும். கேபிள் கம்பியிலிருந்து லக், லக்கிலிருந்து பஸ்பார் (பேனலுக்குள் மின்சாரம் கடத்தும் உலோகப் பட்டை) எனத் தனித்தனியாக அளவெடுங்கள்.

மீட்டர் வயர் ஆம்பியர் துளையில் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள், இருந்தால் குறுக்குச்சுற்றுதான். மின்சாரம் உள்ள பேனலைத் திறப்பது தகுதிபெற்றவர், பாதுகாப்பு உடையோடு செய்ய வேண்டிய வேலை.

வெப்பப்படக் கேமராவைவிட எனக்கு மீட்டரே பிடிக்கும். பளபளப்பான செம்புப் பட்டையில் கேமரா வெப்பத்தைக் குறைத்துக் காட்டும்.

4. மின்சாரத்தை நிறுத்தி, பூட்டி, மின்னழுத்தம் இல்லை என்று சோதித்த பிறகே இணைப்பைச் சுத்தம் செய்யுங்கள். முறுக்குமானியால் (டார்க் ரெஞ்ச்) இறுக்குங்கள், கைப்பலம் வேண்டாம்.

5. இணைப்புகள் எல்லாம் சரியென்றால் கேபிள் நீளமாகவோ மெல்லியதாகவோ இருக்கலாம். அதுவும் இல்லையென்றால்தான் டேப். சுமையில்லா நிலையில் மாற்றும் வகை என்றாலும் டிரான்ஸ்பார்மரை முழுவதும் துண்டித்த பிறகே மாற்ற வேண்டும். உயரழுத்தப் பக்கச் சுற்றுகளைக் குறைத்தால்தான் வெளியீடு உயரும். பெயர்ப்பலகையைப் பார்க்காமல் திருப்பாதீர்கள்.

பின்சேர்க்கை: சில விளக்குகள் மங்கி, சில அளவுக்கு மீறி எரிகின்றன, ஃபேஸ்களுக்கு இடையே அளவு சரி என்கிறீர்களா? நியூட்ரல் கழன்றிருக்கிறது. அந்தக் கிளையை உடனே நிறுத்துங்கள். மிகை மின்னழுத்தம் ஏறும் கருவிகள் எரிந்துவிடும்.